ஓட்டை விழுந்த கறிவேப்பிலை

மாடித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தளிர் இலையின் மேல் குருவி எச்சம் விழுந்து காய்ந்ததுபோல் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனால் எச்சம் அசையும். பாம்பு நாக்கை நீட்டுவதுபோல், தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த சிவப்புக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு புளித்த நெடி மூக்கில் ஏறும். அடுத்த சில நாள்களில் அதே புழு தோலுரித்து, இலையின் பச்சைக்கே மாறி, சுண்டுவிரல் பருமனுக்கு ஊதிவிடும். அதற்குள், ரசத்துக்கென்று விட்டுவைத்திருந்த கொத்து மொட்டைக் குச்சியாகியிருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல்தான் வைத்தியம். நானே பல ஆண்டுகள் தெளித்திருக்கிறேன். அதே மாடியில், வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய பூச்செடிகளையும் வரிசையாக வைத்திருந்தேன். பெரியவர்களை விருந்துக்கு அழைத்துவிட்டு அவர்கள் பிள்ளைகளுக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கச் சற்றுக் காலம் ஆயிற்று. கறிவேப்பிலையில் இருந்தது காமன் மார்மன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. தமிழில் அதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உள்ளூர்ச் செடிகளை வளர்த்தால் பல்லுயிர் பெருகும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் பெருகும் என்று கேட்டால் பேச்சு உடனே பூவுக்குப் போய்விடுகிறது. விஷயம் பெரும்பகுதி இலையில் இருக்கிறது.

தேன் குடிக்கும்போது வண்ணத்துப்பூச்சி ஊர் பேர் பார்ப்பதில்லை. உறிஞ்சுகுழல் எட்டினால் போதும், பிரேசில் பூவானாலும் குடிக்கும். முட்டையிடும்போதுதான் பிடிவாதம் வருகிறது. செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வருபவர்களைத் தடுக்க அது இலைக்குள் கசப்பு, காரம், நெடி, நஞ்சு என்று விதவிதமான வேதிப்பொருள்களை நிரப்பி வைக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே மண்ணில் கூடவே வாழ்ந்த சில பூச்சிகள் மட்டும் குறிப்பிட்ட சில செடிகளின் நஞ்சைச் செரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அந்தத் தேர்ச்சிக்கு விலையும் கொடுத்திருக்கின்றன. மற்ற இலைகள் அவற்றுக்கு உணவே ஆகாது.

முட்டையிட வரும் கறிவேப்பிலை அழகியைக் கவனித்தால் இது கண்முன்னே தெரியும். செடி செடியாக இறங்கி, முன்னங்கால்களால் இலையைப் படபடவென்று தட்டும். அந்தக் கால்களில்தான் அதற்குச் சுவை தெரியும். சரியான இலை என்றால் தளிரில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். இல்லையென்றால் அடுத்த செடி. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் நான்கிலும் அது முட்டையிடும். நான்கும் தாவரவியலில் ஒரே குடும்பம். இலையைக் கசக்கி முகர்ந்தால் அந்த உறவு நம் மூக்குக்கே தெரியும்.

இனி அதே தட்டலை ஒரு குரோட்டன்ஸ் இலையில் நினைத்துப் பாருங்கள். நர்சரிக்காரர் அந்தச் செடியை நம்மிடம் விற்கும்போது பெருமையாகச் சொல்வதே, "பூச்சியே வராது சார்" என்பதுதான். அநேகமாக உண்மை. பூச்சி வராத செடி என்றால் எதற்கும் சோறு போடாத செடி என்று பொருள். அது பச்சையாக, பளபளப்பாக, ஓர் ஓட்டையும் இல்லாமல் பிளாஸ்டிக் செடிபோல் நின்றுகொண்டிருக்கும்.

பூச்சியோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. தேன்சிட்டு தேன் குடிக்கும் பறவை என்று நினைக்கிறோம். குஞ்சு பொரித்த வாரத்தில் அது கூட்டுக்குக் கொண்டுபோவது புழுவும் சிலந்தியும். தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடீ என்ற சின்னஞ்சிறு பறவையை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. தோட்டத்துப் பசுமையில் உள்ளூர்ச் செடிகளின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போன இடங்களில், பிறக்கும் குஞ்சுகள் இறக்கும் பறவைகளுக்கு ஈடாகவில்லை. மரங்கள் இருந்தன, நிழல் இருந்தது, புழு இல்லை. அந்த 70-ஐ அப்படியே மயிலாப்பூருக்கோ மதுரைக்கோ கொண்டுவர முடியாது. பறவை வேறு, காலநிலை வேறு. கணக்கின் போக்கு மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

எருக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஆகாது, பாழடைந்த இடத்துச் செடி என்று அதை எல்லோரும் ஒதுக்குகிறார்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டும் ஒரு நாள் மட்டும் தேடிப் போகிறார்கள். ஒரு முறை நர்சரியில் எருக்கங்கன்று கேட்டேன். கடையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரோட்டோரத்தில் போய்ப் பிடுங்கிக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, அங்குதான் அது தழைத்து நிற்கிறது.

இலையை ஒடித்தால் பால் பீறிடும். அதில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. கண்ணில் பட்டால் ஆபத்து. ஆடுமாடுகள் ஒதுங்கிப் போகும். ஆனால் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத்தான் தேடி வரும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளுடன் அது இலையின் நரம்பைக் கடித்துப் பால் வரத்தை நிறுத்திவிட்டு, அதற்கு அப்பால் உள்ள பகுதியைச் சாவகாசமாகத் தின்னும். செடியின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் வளர்ந்த வெந்தய வரியன் யாரைக் கண்டும் அவசரப்படாமல் மெல்லப் பறக்கிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கொத்தாது.

அதே செடியில் நீலமும் மஞ்சளுமாக வரைந்து வைத்ததுபோல் ஒரு வெட்டுக்கிளி இருக்கும். அதற்கும் எருக்குதான் சாப்பாடு. இளந்தண்டில் மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். மெழுகில் வார்த்ததுபோன்ற பூவுக்குக் கரிய பெரிய தச்சுத் தேனீ இரைச்சலோடு வந்து இறங்கும். எருக்கின் மகரந்தம் தூளாக இல்லாமல் சிறு பொட்டலமாகக் கட்டியிருப்பதால் அதைத் தூக்கிப்போக இப்படிப்பட்ட கனமான ஆள் வேண்டியிருக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றாத, யாரும் விரும்பாத ஒரு செடியின் குடித்தனம் இவ்வளவு பெரியது.

இன்னொரு செடி, ஆடுதின்னாப்பாளை. பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. கரிசல் காட்டிலும் வரப்போரத்திலும் தரையோடு படரும் சின்னக் கொடி. ஆடு தின்னாத அந்த நச்சிலையைத் தின்பது கிரிம்சன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் கரிய இறகு, குங்குமம் தோய்த்த உடம்பு. இதுவும் நஞ்சு சேர்த்த பூச்சிதான்; பறவைகள் தொடாது.

கதை இங்கே கறிவேப்பிலைக்குத் திரும்புகிறது. கறிவேப்பிலை அழகிக்கு உடம்பில் நஞ்சு கிடையாது. அதன் பெண் பூச்சிகள் மூன்று வேடங்களில் வரும். ஒரு வேடம் ஆணைப்போலவே இருக்கும். இன்னொன்று கிரிம்சன் ரோஸைப் போலவும், மூன்றாவது அதன் உறவான காமன் ரோஸைப் போலவும் சிவப்புத் தீட்டிக்கொண்டிருக்கும். நஞ்சுள்ளதைப்போல் வேடம் போட்டுப் பறவைகளிடமிருந்து தப்பிக்கும் வித்தை இது. காமன் ரோஸின் புழுவும் இதே கொடிக் குடும்பத்தின் இலையைத்தான் தின்கிறது. இந்த வேடம் பலிக்க வேண்டுமென்றால் அசல் பூச்சி அதே வட்டாரத்தில் பறந்து, அதே பறவைகளின் வாயைக் கசக்கவைத்திருக்க வேண்டும். அசலுக்கு ஆடுதின்னாப்பாளையோ அதன் உறவான ஈசுவரமூலியோ வேண்டும். ஆக, உங்கள் சமையலறைச் செடியில் பிறந்த பூச்சியின் உயிர், நாலு தெரு தள்ளிக் காலிமனையில் படரும் ஒரு களையை நம்பியிருக்கிறது. காலிமனையைச் 'சுத்தம்' செய்து களைக்கொல்லி அடிக்கிறபோது அடி எங்கே போய் விழுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

(ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் மனிதர்களின் சிறுநீரகத்துக்குக் கேடு. மருந்து என்று யாராவது சொன்னாலும் வாயில் வைக்க வேண்டாம். புழு தின்னட்டும்.)

உள்ளூர்ச் செடி என்றால் எந்த ஊர்? நாட்டு எல்லை இதற்கு உதவாது. கோத்தகிரிச் சோலை மரம் ராமநாதபுரத்துக்கு அயல்தான். நிலத்தையும் அதன் செடியையும் ஒன்றாகவே பெயரிட்டு முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று பிரித்த மரபுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடைமுறையில்தான் மறந்துபோனோம். மரம் நடுவிழா என்றால் ஊர் எதுவானாலும் ஒரே லாரியில் வந்த ஒரே கன்றுகள்.

அதற்காக அயல் என்றதும் அரிவாளை எடுக்க வேண்டாம். மிளகாய், தக்காளி, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் வத்தக்குழம்புச் சுண்டைக்காயின் பூர்வீகமும் அங்கேதான். வரப்பெல்லாம் பூத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கச் செடி; சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சிகள் அதில் மொய்த்துக்கொண்டிருக்கும். ஆமணக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊர்ச் செந்தட்டியைத் தின்றுகொண்டிருந்த காமன் காஸ்டர் வண்ணத்துப்பூச்சி, உறவுக்காரச் செடி என்பதால் ஆமணக்கையும் ஏற்றுக்கொண்டது. புழுக்களுக்கும் சில சமயம் வாய் பழகும்.

ஆபத்து வேறு வகைச் செடிகளில். உண்ணிச்செடியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் தேன் உண்டு, வண்ணத்துப்பூச்சி குவியும். பழம் உண்டு, கொண்டைக்குருவி தின்னும். தோட்டத்தில் நின்று பார்ப்பவருக்குப் பல்லுயிர் பொங்குவதுபோல்தான் இருக்கும். கொண்டைக்குருவி அந்த விதையை எங்கே கொண்டுபோய் எச்சமிட்டது என்பதை முதுமலைக்குப் போனால் பார்க்கலாம். புல்லும் மரக்கன்றும் முளைக்க இடமில்லாமல் அடர்ந்த முள்புதர். இந்தியாவில் புலிகள் வாழும் வட்டாரத்துக் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாலையோர அழகுக்கு என்று கொண்டுவந்த மஞ்சள் கொன்றை ஒன்று இதே முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டையே மூடிக்கொண்டிருக்கிறது; தென் அமெரிக்க மரம், நம் ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவு. இவற்றை அகற்றி, பழைய காட்டை மீட்க 2022-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுத்தது. பறவையும் பூச்சியும் வருகின்றன என்பது மட்டும் ஒரு செடிக்கு நற்சான்று ஆகாது.

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொத்து உண்டு. ஆண்டில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை என்று சில வாரங்களில் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்கள் வெயில். அப்படிப்பட்ட மண்ணில் இலை உதிர்க்காமல் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் ஒரு குள்ளக் காடு இருந்தது. தாவரவியலாளர்கள் அதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் அய்யனாருக்குப் பயந்து கோடரி படாமல் விட்ட கோயில் காடுகள். மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு துண்டு நிற்கிறது. உள்ளே நுழைந்தால் வெயில் சட்டென்று அணைந்துவிடும். உலக்கைப்பாலை, வீரை, காயா, அடியில் களாவும் கொஞ்சியும். காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடுகிறோம். அந்த நீலத்தைக் கண்ணால் பார்க்க இன்று இத்தகைய துண்டுக் காட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு செம்மண் அரித்துப்போன பொட்டல். அங்கே முதலில் நட்ட மரங்களில் ஆஸ்திரேலிய அகேசியாவும் உண்டு. வேகமாக வளர்ந்து நிழலும் சருகும் தந்தது. அந்த நிழலில்தான் பின்னர் உள்ளூர்க் காட்டு மரங்களை வளர்த்தார்கள். உள்ளூர்த் தூய்மை பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைப்பது நல்லது. சென்னையில் குப்பையும் கட்டட இடிபாடுமாகக் கிடந்த அடையாறு முகத்துவாரத்தின் 58 ஏக்கரைச் சீர்செய்து, இந்தக் கடலோரச் செடிகளை நட்டு 2011-இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. இவையெல்லாம் நம் மண்ணில் பிழைக்குமா என்ற சந்தேகம் இருப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வருவோம். உலக்கைப்பாலைக்கு உங்கள் மனையில் இடம் இருக்காது, ஆனால் களாவுக்கு இருக்கும். முள் இருப்பதால் வேலியாகும், வெள்ளைப் பூ மணக்கும், காய் ஊறுகாய்க்கு, பழுத்ததில் பாதி பறவைக்கு. ஆதொண்டையை வேலியில் ஏற்றிவிட்டால் காயை வற்றல் போடலாம். வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் பல அதன் இலையை நம்பி வாழ்கின்றன. சாலையோரம் ஒரு மரத்துக்கு இடம் உண்டென்றால் சரக்கொன்றை. கொன்னை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு சில ஆண்டுகளில் மரத்தையே மொட்டையாக்கிவிடும். பதற வேண்டாம், மரம் மீண்டும் துளிர்க்கும். தொட்டி மட்டும்தான் என்றால் கறிவேப்பிலை, தும்பை, ஓரிதழ் தாமரை, கொஞ்சம் பருப்புக்கீரை. பருப்புக்கீரையைத் தின்று வளரும் டானைட் எக்ஃபிளை வண்ணத்துப்பூச்சியின் பெண், எருக்கில் வளர்ந்த வெந்தய வரியனை அச்சாகக் காப்பியடித்த வேடதாரி. இரண்டும் ஒரே நேரத்தில் பறந்தால் எது எது என்று சொல்வது எளிதில்லை.

கன்று கிடைப்பதுதான் சிக்கல். விற்கும் இடம் குறைவு. விதையை நாமே சேகரிக்க வேண்டும். ஆவாரை விதையும் கொன்றை விதையும் ஓடு கெட்டியானவை. சுடுதண்ணீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். கடலோரத்தில் புரட்டாசி முடிவில் நட்டால் மழையே வேர்பிடிக்க வைத்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த கோடையை அவையே பார்த்துக்கொள்ளும்.

பூத்த ஆவாரைக்குப் பக்கத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் ஒரு சங்கதி காதில் விழும். பறந்து வரும் தச்சுத் தேனீயின் ரீங்காரம், பூவில் உட்கார்ந்ததும் திடீரென்று சுருதி ஏறிக் கீச்சென்று ஒலிக்கும். ஆவாரையின் மகரந்தப்பை உப்புக் குப்பிபோல் நுனியில் துளை மட்டும் உள்ளது. தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, இறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே அதிர்வு உதவும். ஆவாரை இருந்தால் அந்தத் தேனீ உங்கள் கத்தரிப் பாத்திக்கும் வரும். குடியிருக்க அதற்குக் காய்ந்த கட்டை வேண்டும். பட்டுப்போன முருங்கைக் கிளையை உடனே வெட்டி எறிந்துவிடாதீர்கள். தனியாக வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் துளையிட்டுக் குடியிருப்பவை. முற்றம் முழுக்க சிமெண்ட் பாவிய வீட்டில் அவற்றுக்கு வாசலே இல்லை. கொரியன் புல் விரித்த இடமும் ஏறத்தாழ அப்படித்தான். நீரைக் குடித்துக்கொண்டு, யாருக்கும் சோறு போடாமல் கிடக்கும் பச்சைக் கம்பளம்.

தோட்டம் கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். என் வீட்டில் கிலுகிலுப்பைச் செடி காய்ந்த பிறகும் பிடுங்காமல் விட்டதற்கு ஏச்சு வாங்கினேன். ஒரு வாரம் கழித்து அந்தக் காய்ந்த தண்டில் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனையும் ஆண்கள். இலையைக் கால்களால் சுரண்டி ஒரு வேதிப்பொருளை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. ஏசியவர்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கறிவேப்பிலைக்கு ஒரு சமரசம் செய்துகொண்டோம். இப்போது மாடியில் இரண்டு செடி. ஒன்று சமையலுக்கு, அதில் புழு தென்பட்டால் இலையோடு எடுத்து மற்றதில் வைத்துவிடுவோம். வேப்பெண்ணெய் பாட்டில் பரணில் ஏறிவிட்டது. சென்ற மழைக்காலத்தில் ஒன்பது புழுக்களை எண்ணினேன். நாலைந்தைத் தையல்சிட்டு கொண்டுபோனது. காலையில் இலைக்கு இலை தாவித் தேடுவதைப் பார்த்தேன். மூன்று கூட்டுப்புழு ஆயின. இரண்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வந்தது. மூன்றாவது கூடு, நாள் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போயிற்று. ஒரு மதியம் அதன் முதுகில் குண்டூசித் துளை. அதன் வழியாகக் கடுகைவிடச் சிறிய குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, இறகை உதறிக்கொண்டு, எலுமிச்சைச் செடிப் பக்கம் பறந்துபோயின.